உயிரும் போகும், காசும் போகும்... புற்றுநோயின் இந்தக் கணக்கை மாற்றப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி

வீட்டில் ஒருத்தருக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு கேள்விகள் எழும். பிழைச்சுடுவாங்களா? எவ்வளவு ஆகும்? முதல் கேள்வியை டாக்டரிடம் எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் வராந்தாவில், தாழ்ந்த குரலில்தான் வரும். சேமிப்பு எவ்வளவு, நகை எவ்வளவு, யாரிடம் கடன் கேட்கலாம் என்று குடும்பம் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இந்தியா போன்ற வளரும் நாடுகளில் இந்த இரண்டாவது கேள்விதான் பல சமயம் முதல் கேள்விக்கும் பதிலைத் தீர்மானிக்கிறது. இதை 90 ஆண்டுகளுக்கு முன்பே பொதுவெளியில் பேச ஆரம்பித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவர், சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவருடைய கனவு என்பதும் பலருக்குத் தெரியும். அந்தக் கனவுக்குப் பின்னால் இருந்த பணக் கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலச் சமூகத்தில் இந்தப் பின்னணி ஒரு பெண் குழந்தைக்கு என்ன மாதிரியான எதிர்காலத்தை எழுதி வைத்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முத்துலட்சுமி படிப்பைப் பிடித்துக்கொண்டார். பருவம் எய்திய பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் காலம் அது. அவர் வீட்டில் இருந்தபடியே தேர்வுக்குப் படித்தார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் சிறப்பான தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார்.

இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தானா?

சமூக வலைதளங்களில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. ஆனால், சரியல்ல. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886-ல். அதாவது, முத்துலட்சுமி பிறந்த அதே ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1870-களில் மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் படித்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற தொடக்க கால இந்தியப் பெண்களில் ஒருவர் என்று சொல்வதுதான் பொருத்தம். அதனால் அவருடைய சாதனை ஒன்றும் குறைந்துவிடாது.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். மனைவியைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் முன்வைத்த நிபந்தனை. சுந்தர ரெட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

தங்கையின் மரணம்

1920-களின் தொடக்கத்தில் முத்துலட்சுமி சென்னையில் பெயர் சொல்லும் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் அவருடைய தங்கை சுந்தரம்மாளைப் புற்றுநோய் பறித்தது.

இந்த மரணத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நோயாளியின் அக்கா டாக்டர். அக்காவின் கணவரும் டாக்டர். ஊரில் இருந்த நல்ல மருத்துவர்கள் எல்லோரையும் அணுகும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அப்படியென்றால் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு இதே நோய் வந்தால் என்ன ஆகும்? அவர் வாழ்நாள் முழுக்க விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

லண்டன் காட்டிய வழி

1925-ல் அரசு உதவித்தொகையுடன் மேற்படிப்புக்காக லண்டன் போனார். பெண்கள், குழந்தைகளின் நோய்கள்தான் அவருடைய பாடம். ஆனால், அந்த நகரத்தில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை 1851-லிருந்து இயங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடங்கிய டாக்டர் வில்லியம் மார்ஸ்டனும் தன் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பதுதான் அந்த மருத்துவமனையின் தொடக்க நோக்கம்.

சென்னையில் அப்படி எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை ஒரு இடம், கதிர்வீச்சு இன்னொரு இடம், அதன் பிறகு நோயாளி என்ன ஆனார் என்று பார்க்க ஆளே இல்லை. புற்றுநோயில் இது பெரிய சிக்கல். ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும் நோய் இல்லை இது. மாதக்கணக்கில் சிகிச்சை, ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும்.

சட்டமன்றத்தில் ஒரு டாக்டர்

ஊர் திரும்பியதும் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்வானார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வழக்கத்தை முழுமையாகத் தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் குரல் கொடுத்தார். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார்.

அதே காலகட்டத்தில், போக்கிடம் இல்லாத பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இந்த அனுபவம் அவருக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. சட்டம் போடுவது பாதி வேலைதான். அந்தச் சட்டத்தால் விடுபட்டு வெளியே வருபவர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, இதற்கெல்லாம் தொடர்ந்து காசு வேண்டும். அந்தக் காசை யாராவது திரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் மருத்துவமனை விஷயத்தில் இந்தப் பாடம் அவருக்குக் கைகொடுத்தது.

சாகப்போகிறவர்களுக்கு எதற்குச் செலவு?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அங்கேதான் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற விருப்பத்தைப் பொதுமேடையில் வைத்தார் முத்துலட்சுமி. ஆனால், அடுத்த 14 ஆண்டுகளுக்குப் பெரிதாக எதுவும் நகரவில்லை.

காரணம், பணம் இல்லை என்பது மட்டும் இல்லை. புற்றுநோய் வந்தால் எப்படியும் இறந்துவிடுவார்கள், அதற்கு எதற்குத் தனியாக ஒரு மருத்துவமனை என்ற எண்ணம் அரசின் மேல்மட்டத்திலேயே இருந்தது. பின்னாளில் டாக்டர் வி.சாந்தா தன் பேட்டிகளில் பலமுறை நினைவுகூர்ந்த தகவல் இது.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த வாதம் நியாயமாகக்கூடத் தோன்றும். புதிதாக விடுதலை அடைந்த ஏழை நாடு. மலேரியா, காசநோய், பிரசவ மரணங்கள் என்று பிரச்சினைகள் வரிசையில் நிற்கின்றன. இருக்கும் கொஞ்சப் பணத்தை எங்கே போடுவது?

ஆனால், இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கு. நோயாளிகள் இறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அவர்கள் ரொம்பத் தாமதமாக வந்தது. தாமதமாக வந்ததற்குக் காரணம், போய்ச் சேர இடம் இல்லாததும், கையில் காசு இல்லாததும், போனாலும் பிழைக்க மாட்டோம் என்ற நம்பிக்கையும். அதாவது, மருத்துவமனை இல்லாததால் இறந்தவர்களைக் காட்டியே, மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1941-ல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை வந்துவிட்டது. கையில் காசு இருந்தா பம்பாய்க்கு ரயில் ஏறலாம். இல்லேன்னா?

12 படுக்கைகளுடன் ஒரு தொடக்கம்

அரசுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார் முத்துலட்சுமி. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. பொதுமக்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டினார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் செயல்படத் தொடங்கியது. இருந்தது சிறிய கட்டடம், 12 படுக்கைகள்.

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தி தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமே இல்லாத கௌரவப் பணி. அதன் பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் கொடுத்தார்கள்.

1950-களின் பிற்பகுதியில் கனடாவின் உதவியுடன் கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. இந்தியாவுக்கே அது புதுசு. உடலின் ஆழத்தில் இருக்கும் கட்டிகளுக்கும் கதிர்வீச்சு கொடுக்க அதனால் முடிந்தது. ஆனால், இந்த மாதிரி இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் செலவு முடிந்துவிடாது. கோபால்ட்-60-ன் வீரியம் சுமார் 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். நன்கொடையாக இயந்திரம் கிடைத்தாலும், அதை ஓட்டும் செலவு மருத்துவமனையின் தலையில்தான்.

இலவசம் என்றால், யாருடைய காசு?

எந்த மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை என்று ஒன்று உண்மையில் கிடையாது. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அடையாறில் பில் பல பேரிடையே பிரிந்தது. வசதி உள்ள நோயாளிகள் கட்டணம் கட்டினார்கள். முடியாதவர்களுக்குச் சலுகை அல்லது இலவசம். மீதியை நன்கொடையும் பின்னர் வந்த அரசு உதவியும் ஈடுகட்டின. டாக்டர்கள் வெளியே சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தைச் சம்பாதிக்காமல் விட்டதும் இந்தக் கணக்கில் ஒரு பெரிய வரவு. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

இந்த முறையில் ஒரு பலவீனமும் உண்டு. தனிநபர்களின் தியாகத்தில் ஓடும் மருத்துவமனையை ஊருக்கு ஊர் திறக்க முடியாது. முத்துலட்சுமியால் சென்னையில் ஒரு அடையாறைக் கட்ட முடிந்தது. ராமநாதபுரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வருகிறவர் பஸ் ஏறித்தான் ஆகணும்.

மார்பகப் புற்றுநோயில் பணம் எங்கெல்லாம் போகிறது?

மருத்துவமனை தொடங்கிய காலத்தில் இங்குள்ள பெண்களிடம் அதிகம் காணப்பட்டது கருப்பைவாய்ப் புற்றுநோய். சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்ததை அந்தப் பதிவேடு காட்டுகிறது. 2022-ல் இந்தியாவில் சுமார் 1.9 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிடுகிறது.

முத்துலட்சுமி அன்று பார்த்த அதே கணக்கு இதில் அப்படியே பொருந்தும். எப்படி?

• தாமதத்தின் விலை: கட்டி சின்னதாக இருக்கும்போது வந்தால், பலருக்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை என்ற அளவில் முடியலாம். பெரிதாகிவிட்டால் கீமோதெரபி, பெரிய அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாமே தேவைப்படும். வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் செலவுக்கு முடிவே இருக்காது. ஆனால், குணமாகும் வாய்ப்பு குறைந்துவிடும். அதிகமாகச் செலவழித்து குறைவாகப் பலன் பெறும் நிலை இது.

• பில்லில் வராத செலவு: கதிர்வீச்சு சிகிச்சை வழக்கமாக 5 வாரம், வாரத்துக்கு 5 நாள் கொடுக்கப்பட்டு வந்தது. ஒவ்வொரு அமர்வும் சில நிமிடங்கள்தான். ஆனால், வெளியூர்க்காரருக்கு அது 5 வாரம் நகரத்தில் தங்குவது. கூட ஒருத்தர் வேணும். ரெண்டு பேர் கூலியும் போச்சு. சிகிச்சை இலவசமாக இருந்தாலும் இந்தச் செலவு இருக்கும். இப்போது பலருக்கு 3 வாரத்தில் முடிக்கும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயாளியின் பர்ஸைப் பொறுத்தவரை இது ஒரு புது மருந்துக்குச் சமம்.

• மருந்தின் விலை: மார்பகப் புற்றுநோயில் சுமார் 15 முதல் 20 சதவீதம் ஹெர்-2 வகையைச் சேர்ந்தது. இதற்கான ட்ராஸ்டுஸுமாப் ஊசியை வழக்கமாக 3 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் போட வேண்டும். 2014-ல் இந்தியாவிலேயே தயாரான மாற்று மருந்து சந்தைக்கு வந்த பிறகு விலை இறங்கியது. ஆனாலும் சாமானியக் குடும்பத்துக்கு அது இன்னமும் பெரிய தொகைதான்.

• வீட்டுக்குள் நடக்கும் கணக்கு: பிள்ளையின் ஃபீஸ், வீட்டு வாடகை, கடன் தவணை எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் பல வீடுகளில் அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேச்சு வரும். கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் தள்ளிப்போடுவது சுலபம்.

இந்த நாலும் சேர்ந்துதான் பலரைப் பாதி சிகிச்சையிலேயே நிறுத்த வைக்கின்றன. பாதியில் நின்ற சிகிச்சையில் அதுவரை செலவழித்த பணமும் வீண், நோயும் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த மார்பகப் புற்றுநோய் இலக்குகளில் மூன்று எண்கள் உண்டு. 60 சதவீதத்துக்கு மேற்பட்டோரைத் தொடக்க நிலையிலேயே கண்டறிவது, அறிகுறியுடன் வந்தால் 60 நாளுக்குள் நோயை உறுதி செய்வது, 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுமையாக முடிப்பது. மூன்றாவது இலக்கு பெருமளவு பணம் சம்பந்தப்பட்டது.

சரி, இன்று நிலைமை என்ன?

முத்துலட்சுமி காலத்தோடு ஒப்பிட்டால் நிறைய மாறிவிட்டது. தமிழகத்தின் முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கின்றன. ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவீத சலுகையும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

ஆனால், போன கூலியை இந்தத் திட்டங்கள் தருவதில்லை. அறை வாடகையும் கைக்காசுதான்.

குறைந்த செலவில் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கும் இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, 1998-லிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தியது. விலை உயர்ந்த மேமோகிராம் கிடையாது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அந்தப் பெண்களிடம் நோய் முன்கூட்டிய நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. 50 வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் அப்படியொரு பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

1956-ல் முத்துலட்சுமிக்கு பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ல், 82-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், சென்னையில் காலமானார். மருத்துவமனையைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் தொடர்ந்து வளர்த்தார்கள். 2021 ஜனவரியில் இறக்கும்வரை சாந்தா அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. 12 படுக்கைகளில் ஆரம்பித்த இடம் இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகளுடன், ஆராய்ச்சி, மேற்படிப்பு என்று விரிந்திருக்கிறது.

அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகத் தமிழக அரசு கடைப்பிடிக்கிறது. கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அவர் பெயர்தான். அந்தத் திட்டம் முக்கியமாகக் கொடுப்பது மருந்து அல்ல. சத்தான சாப்பாட்டுக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமான இழப்புக்கும் ஈடாகக் கையில் பணம். சிகிச்சை இலவசம் என்றால் மட்டும் போதாது, நோயாளியின் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்பதை அரசு பிரசவத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. புற்றுநோய்க்கு அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை.